ஹெட்போனா, இடமாற்றமா, வீட்டிலிருந்து வேலையா? அலுவலகச் சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர்கள் எதை முதலில் முயலலாம்

அலுவலகத்தில் சத்தம் தாங்கவில்லை, டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பக்கத்தில் இருப்பவரின் சென்ட் வாசனையிலேயே தலைவலி கிளம்பிவிடுகிறது என்று யாராவது சொன்னால், உடனே கிடைக்கும் ஆலோசனை இரண்டுதான். "நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கிக்கோ" என்பார்கள். இல்லையென்றால் "வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுற கம்பெனியா பார்த்துப் போயிடு" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், செலவு குறைந்த, பலன் கூடிய வழிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்க வேண்டியது இடமாற்றம். அடுத்தது, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான். ஆயிரக்கணக்கில் விலை போகும் ஹெட்போன் மூன்றாவதாக வந்தால் போதும். வேலையை விடலாமா என்ற யோசனை இதையெல்லாம் செய்து பார்த்த பிறகுதான். ஏன் இந்த வரிசை என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இப்படிப் புலன்கள் சட்டென்று கூசுவதற்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு இது பிறவி சுபாவம். அமெரிக்க உளவியலாளர் எலெய்ன் ஆரோன் 1990களிலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறார். இதை அவர் நோயாகச் சொல்லவில்லை, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் இயல்பு என்றே சொல்கிறார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆழமானது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் திருத்திய வரையறையில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஏடிஎச்டி என்ற கவனச்சிதறல் கோளாறு, மைக்ரேன், பதற்றக் கோளாறு உள்ளவர்களிடமும் இது உண்டு. போன வருடம்வரை ஒன்றுமில்லை, இப்போதுதான் திடீரென்று சத்தம் தாங்கவில்லை என்றால் கடைக்குப் போகாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். காதிலேயே கோளாறு இருக்கலாம், தலையில் பட்ட அடியாக இருக்கலாம், தொடர்ந்த தூக்கமின்மையாகவும் இருக்கலாம். அதைத் தீர்க்காமல் மேசையை மட்டும் மாற்றினால் பிரச்சினை போகாது.

உடம்புக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

"இதெல்லாம் பழகிடும்" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆய்வு உதவும். கேரி எவன்ஸ், டேனா ஜான்சன் என்ற இருவர் அதை 2000இல் வெளியிட்டார்கள். அலுவலகப் பெண் ஊழியர்கள் 40 பேரில் ஒரு பாதியை அமைதியான அறையிலும், மறு பாதியைத் திறந்த அலுவலகத்தின் சாதாரண இரைச்சல் ஓடும் அறையிலும் 3 மணி நேரம் உட்கார வைத்தார்கள். காதைப் பிளக்கும் சத்தமெல்லாம் இல்லை, வழக்கமான அலுவலக இரைச்சல்தான். ஆனால் இரைச்சலில் இருந்தவர்களின் சிறுநீரில் அட்ரினலின் அளவு கூடியிருந்தது. அதன்பின் கொடுத்த விடை காண முடியாத புதிர்களை அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். நாற்காலியைச் சரிசெய்வது, உட்காரும் நிலையை மாற்றுவது போன்றவற்றையும் குறைவாகவே செய்தார்கள். ஆனால் "உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா?" என்று கேட்டபோது இரண்டு அணியினர் பதிலிலும் வித்தியாசம் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம்தான். சாதாரணமானவர்களுக்கே உடம்பு ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது, மனசுக்கு அது தெரிவதில்லை. புலன் கூசுபவர்களுக்கு அந்தக் கணக்கு வேகமாக ஏறுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குழந்தை ஒரு கேள்வி கேட்டாலே சுள்ளென்று விழுவது, சனிக்கிழமை முழுக்க இருட்டு அறையில் படுத்துக் கிடப்பது எல்லாம் அந்தக் கணக்கின் பாக்கிதான். சோம்பேறித்தனம் என்றோ குணக்கோளாறு என்றோ இதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு ஆறவே ஆறாது.

இன்னொரு பழைய ஆய்வு, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நேரடியாக உதவுகிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தை ஓடவிட்டு, ஓர் அணிக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டினார்கள்: "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது." பெரும்பாலோர் அழுத்தவில்லை. இரு அணியும் கேட்டது ஒரே சத்தம். இருந்தும், பொத்தான் இருந்த அணி பிறகு கொடுத்த வேலையில் நன்றாகவே செய்தது. ஆகவே ஒரு வழி எத்தனை டெசிபல் குறைக்கிறது என்பது பாதிக் கேள்விதான். வேண்டும்போது தப்பிக்க அது கையில் ஒரு பிடி கொடுக்கிறதா என்பது மறுபாதி. கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

காதுக்கு: ஹெட்போனும் நுரை அடைப்பானும்

இரைச்சலை நீக்கும் ஹெட்போன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அது எங்கே கைவிடும் என்பதும் தெரிந்துவிடும். வெளியே உள்ள மைக் சத்தத்தை வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே அனுப்பி இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வைக்கிறது. ஏசி இரைச்சல், பஸ் எஞ்சின், ஜெனரேட்டர் போல ஒரே சீராக ஓடும் கனத்த சத்தத்துக்கு இது அருமை. பக்கத்து மேசையில் ஒருவர் போனில் பேசுவது, பேன்ட்ரியில் டம்ளர் உருளுவது, கதவு திறக்கும்போது வரும் பீப் ஆகியவை சீரானவையும் அல்ல, கனத்தவையும் அல்ல. அவை அதன் பிடிக்குத் தப்பி வந்துவிடும். ஏசி இரைச்சல் மறைந்துபோவதால் பேச்சு முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணமும் இதுதான்.

அலுவலகத்தில் நம் கவனத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பேச்சுதான். 1970களிலிருந்தே உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது: நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு காதில் விழுந்தாலே, எண்களையும் வரிசைகளையும் நினைவில் வைத்துக்கொள்வது கெடுகிறது. பேச்சு மெதுவாக இருந்தாலும் கெடுகிறது. நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். வங்கி அறிக்கையையும் நம் பதிவையும் ஒத்துப் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒருவர் போனில் "நைன் எய்ட் டபுள் ஃபோர்" என்று நம்பர் சொல்ல ஆரம்பித்தால், என் கையில் இருந்த தொகை ஆவியாகிப் போகும்.

நுரை அடைப்பான் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. சரியாகப் போட்டால் உயர்ந்த ஸ்தாயிச் சத்தங்களை, அதாவது பேச்சைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகளை, நன்றாகவே குறைக்கும். டப்பாவில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். நடைமுறையில் அவ்வளவு வராது. காரணம், முக்கால்வாசிப் பேர் அதைக் காதின் வாசலில் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லிய திரி போல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். திரியை உள்ளே விட்டு, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்துவிட்டால் உங்கள் குரலே உங்களுக்குக் குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

இதன் குறை என்ன? கூப்பிட்டால் கேட்காது. "காது கேக்கலியா உனக்கு?" என்று தோளைத் தட்டுவார்கள். தொடுகை கூசுபவர்களுக்கு அது சத்தத்தைவிட மோசம். கூட்டங்களில் போட முடியாது. அதற்கென்றே இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் சிலிகான் அடைப்பான் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் 15, 20 டெசிபல் மட்டும் குறைக்கும், பேச்சும் புரியும். சில நூறிலிருந்து சில ஆயிரம்வரை விலை. கூட்டம் அதிகமுள்ள வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஹெட்போனை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. கம்பெனி பஸ்ஸில் சென்னையின் ஓஎம்ஆர் சாலை முழுக்கப் போய்வருபவர்களுக்கு அது பெரிய வரம், எஞ்சின் இரைச்சல் அதற்கு ஏற்ற தீனி. "என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லாமல் சொல்லும் வேலையையும் அது செய்கிறது. மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் போன்ற ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் பேச்சை மூடிவிடும். ஆனால் வாங்குமுன் கடையிலேயே அரை மணி நேரமாவது போட்டுப் பாருங்கள். தலையை இறுக்குவது, மூக்குக்கண்ணாடிக் காம்பின்மேல் அழுத்துவது, சென்னை வெயிலில் காது வியர்த்து நசநசப்பது, இரைச்சல் நீக்கம் ஓடும்போது காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி ஓர் அழுத்தம் தெரிவது என்று, நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே புதிய உபத்திரவமாகலாம். அப்புறம், சத்தத்தை மூட இன்னும் பெரிய சத்தம் வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. நாள் முழுக்க, அமைதியான நேரத்திலும்கூடக் காதை அடைத்தே வைத்திருந்தால் காது இன்னும் கூர்மையாகித் தாங்கும் சக்தி குறைந்துவிடும் என்று செவித்திறன் வல்லுநர்கள் சொல்கிறார்கள். தேவையான வேலைக்கு மட்டும் போட்டு, நடுநடுவே கழற்றுங்கள்.

கண்ணுக்கு: எதை வாங்க வேண்டாம்

வெளிச்ச விஷயத்தில் வாங்குவதைவிடக் கழற்றுவதுதான் பலன் தரும். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் மூளைக்குப் போய்ச் சேருகிறது. ஆர்னால்ட் வில்கின்ஸ் குழு 1989இல் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் இதைச் சோதித்தது. மினுக்கல் தெரியாத உயர் அதிர்வெண் கொண்ட சோக்குக்கு மாற்றியபோது தலைவலியும் கண் களைப்பும் பாதிக்கும் கீழே குறைந்தன. எல்இடி வந்துவிட்டதே, இனி பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். மலிவான எல்இடியும் மினுக்கும். போன் கேமராவை விளக்கை நோக்கி வைத்துப் பாருங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் சந்தேகப்படலாம்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நம் தலைக்கு மேலுள்ள ஒரே ஒரு விளக்கைக் கழற்றவோ மாற்றவோ அட்மினிடம் கேட்பதற்கு மருத்துவச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சம்மதித்தால் அரை மணி நேர வேலை. பல அலுவலகங்களில் இதைச் செய்ய மறுப்பதே இல்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாம். இதுவரை நடந்த சோதனைகளை 2023இல் மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கணினி வேலையால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில் குறுகிய காலத்தில் அநேகமாகப் பலன் இல்லை என்றுதான் தெரிந்தது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி தனி விஷயம். அதைக் கண் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். கறுப்புக் கண்ணாடியை அலுவலகத்துக்குள் நாள் முழுக்கப் போடுவது மட்டும் கூடாது. கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் அதிகமாகக் கூச ஆரம்பிக்கும்.

மூக்குக்கு வழி குறைவு. கழிவறையிலும் வரவேற்பறையிலும் தானாகச் சீறும் ரூம் ஃப்ரெஷ்னரை நிறுத்தச் சொல்லலாம், பேன்ட்ரியில் மீன் குழம்பு சூடாகும் நேரத்தில் எழுந்துபோய்விடலாம். ஆனால் மூடிய ஏசி அறையில், பக்கத்தில் இருப்பவர் தலையில் முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தால்? அதை வைக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே மிஞ்சும் ஒரே வழி நாம் தள்ளி உட்காருவது. அதாவது, மறுபடியும் இடம்தான்.

இடமாற்றம்: ஏன் இதற்கு முதலிடம்

ஹெட்போன் காதுக்கு மட்டும், கண்ணாடி கண்ணுக்கு மட்டும். இடம் மாறினால் சத்தம், வெளிச்சம், வாசனை, ஏசியின் குளிர்க் காற்று, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் எல்லாமே ஒன்றாக மாறுகின்றன. ஒரு ரூபாய் செலவில்லை. உடம்பில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

எந்த இடம் நல்ல இடம் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதுகு சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பேன்ட்ரி, பிரிண்டர், கழிவறை வழி, கார்டு காட்டி நுழையும் கதவு ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஏசி காற்று நேரே தலையில் விழக்கூடாது. போனிலேயே பிழைப்பு நடத்தும் சப்போர்ட், சேல்ஸ் ஆட்களின் பேச்சு சத்தமாகக் கேட்டாலும் வார்த்தை புரியாத தூரத்தில் இருக்க வேண்டும். ஓர் எளிய சோதனை: காலியாக இருக்கும் அந்த இடத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும் மதிய வேளையில் பத்து நிமிடம் உட்காருங்கள். பக்கத்தில் நடக்கும் போன் உரையாடலை உங்களால் எழுதிவைக்க முடிகிறது என்றால் அந்த இடம் வேண்டாம்.

கேட்பது எப்படி என்பதில்தான் பலர் தயங்குகிறார்கள். "எனக்குச் சத்தம் அலர்ஜி" என்று தொடங்கினால் பேச்சு நம் உடம்பைப் பற்றியதாகிவிடும். வேலையிலிருந்து தொடங்குங்கள்:

"சார், என் சீட்டுக்குப் பின்னால் சப்போர்ட் டீம் கால் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மாதக் கடைசியில் ரீகன்சிலியேஷன் பார்க்கும்போது திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் ஒரு சீட் காலியாக இருக்கிறது. இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டுமா? சரிவரவில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறேன்."

இதில் புகார் இல்லை, நோய் இல்லை. குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, "சரி" என்று சொன்னால் சாருக்கு நஷ்டமில்லை. இரண்டு வாரம் கழித்து யாரும் உங்களைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை.

"எல்லோரும் கலந்து பேசத்தான் இப்படித் திறந்து போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த அமைப்புக்கு மாறியபோது, ஊழியர்கள் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சலும் சாட்டும் கூடின.

இடமாற்றம் தோற்கும் இடமும் உண்டு. தினமும் செயலியில் பதிவு செய்து கிடைத்த மேசையில் உட்காரும் ஏற்பாடு இருக்கும் அலுவலகங்கள் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் கஷ்டமானவை. இன்று எந்த விளக்கின் கீழே, யார் பக்கத்தில் என்று தெரியாமலே கிளம்ப வேண்டும். கிளாஸ், சிங்கர் பொத்தானை அங்கே முதல் ஆளாகப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு நிலையான மேசையைக் கேட்பதற்காகப் போராடலாம், தகும். அது கிடைக்காவிட்டால் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். ஏழரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்ப அனுமதித்தால், பத்து மணிக்குக் கூட்டம் சேரும் முன் இரண்டரை மணி நேர அமைதி கிடைக்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் காலை நெரிசலும் ஹாரனும் மிச்சம். பயணத்திலேயே பாதிச் சக்தி தீர்ந்துவிடுபவர்களுக்கு இது இடமாற்றத்தையே மிஞ்சும்.

வீடு அமைதியானது என்று யார் சொன்னது?

வீட்டிலிருந்து வேலை என்பதை இணையத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தனி அறை, மூடிய கதவு, தோட்டத்துக் குருவி என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். நம் ஊர்களில் இரண்டு படுக்கையறை வீட்டில் அஞ்சு பேர். காலையில் குக்கர் விசில், மிக்ஸி, பால்காரர் முதல் பழைய பேப்பர்காரர்வரை ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் சத்தம். ஆடி மாதம் வந்தால் தெருமுனை அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை தடையும் உண்டு. ஆனால் பகலில் நடக்கும் திருவிழாவை எதிர்த்து யார் போய் மனு கொடுப்பது?

அதோடு, பெண்கள் வீட்டில் இருந்தால் "வீட்லதானே இருக்க" என்ற ஒரு வார்த்தையில் நாள் கரைந்துவிடும். கூரியர் வாங்குவது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பது என்று நடுநடுவே வரும் குறுக்கீடும், எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தின் கணக்கில்தான் சேரும்.

ஆனாலும் வீட்டுக்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது: பிடி நம் கையில். விளக்கை அணைக்கலாம், பழைய பருத்திச் சட்டையில் உட்காரலாம், கழுத்தை அறுக்கும் ஐடி கார்டு நாடா இல்லை, கேமராவை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம். வெளிச்சமும் வாசனையும் உடையும்தான் உங்களுக்குப் பிரச்சினை என்றால் வீடு பெரும்பாலும் ஜெயிக்கும். சத்தம்தான் பிரச்சினை என்றால் உங்கள் தெருவைப் பொறுத்தது. ஒரு வாரம் வேலை நேரத்தில் வீட்டில் எப்போது என்ன சத்தம் என்று குறித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் பார்வையில், பெரும்பாலோருக்கு ஏற்றது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடு, மீதி அலுவலகம். அந்த நாட்களை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். கவனம் குவிய வேண்டிய வேலை வீட்டு நாளில், கூட்டங்கள் எல்லாம் அலுவலக நாளில். முழுக்க வீட்டிலேயே இருந்துவிட்ட பிறகு ஒரு நாள் அலுவலகம் போவதே மலையாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன்.

சொல்லலாமா, வேண்டாமா?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, மனநோய் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. மைக்ரேனோ, வெறும் புலன் கூச்சமோ இல்லை. ஏடிஎச்டியும் தனிப் பெயராக இல்லை. நீங்கள் பட்டியலுக்குள் வருகிறீர்கள், அரசு வேலையில் இருக்கிறீர்கள் என்றால் நிலைமை உறுதியானது. பணியிடத்தில் நியாயமான வசதி செய்துதர வேண்டியது அரசு நிறுவனத்தின் கடமை என்று 20ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. தனியார் நிறுவனத்தில் பிடி சற்றுத் தளர்வு. ஆனால் எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனத்தில் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் விதிகள். மனிதவளத் துறையிடம் "நம் சமவாய்ப்புக் கொள்கையைப் படிக்க வேண்டும், எங்கே இருக்கிறது?" என்று கேட்பதற்கு நீங்கள் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. பதில் வரும் விதத்திலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மேலே சொன்ன இடமாற்றம், விளக்கு, நேரமாற்றம் ஆகிய மூன்றையும் நோயின் பெயரைச் சொல்லாமலே கேட்டுப் பெற முடியும் என்றால் சொல்லாதீர்கள். நம் அலுவலகங்களில் சொன்ன வார்த்தை பேன்ட்ரிவரை போய்ச் சேர்ந்துவிடும், திரும்ப வாங்க முடியாது. அவை மறுக்கப்பட்டால், அல்லது கூட்டங்களுக்கு வராமல் இருப்பது போலப் பெரிய விலக்கு தேவைப்பட்டால், அப்போது சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள், மருத்துவர் கடிதத்தோடு சொல்லுங்கள். ஆட்டிசம் பற்றிய சந்தேகம் இருந்தால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மன அழுத்தம் எல்லை மீறினால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் மேசை உள்ளவர்களுக்கு. தி.நகர் துணிக்கடையில் நூற்றுக்கணக்கான விளக்குகளின் கீழே, விளம்பரப் பாட்டு ஓய்வில்லாமல் ஓட, நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இடமாற்றம் என்ன, வீட்டிலிருந்து வேலை என்ன? உட்காருவதற்கு நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டுப் பெறக்கூடியவை சிறியவை: ஸ்பீக்கருக்கு நேர் கீழே இல்லாத பிரிவு, பில் போடும் இடத்துக்குப் பதில் ஸ்டாக் அறை வேலை, சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பத்துப் பத்து நிமிட அமைதி. நூற்பாலை, விசைத்தறி ஆட்களுக்கு விஷயமே வேறு. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் வரம்பு. தறி ஓடும் அறை அதைச் சுலபமாகத் தாண்டும். அங்கே காதடைப்பான் விருப்பத் தேர்வு அல்ல. கூசும் காதோ கூசாத காதோ, எல்லோருக்கும் முதலாளி செலவில் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு அது.

எல்லாம் செய்தும் தாங்கவில்லை, வேறு வேலைதான் என்று முடிவானால், சம்பளத்தைக் கேட்பது போலவே இவற்றையும் கேளுங்கள். மேசை நிலையானதா, தினமும் மாறுவதா? என் டீம் உட்காரும் தளத்தில் வேறு எந்த டீம்கள் இருக்கின்றன? போன் பேச மூடிய அறை உண்டா? வீட்டு நாட்கள் எழுத்தில் வருமா, மேலாளர் மனம் வைத்தால்தானா? நேர்காணலைக் காணொளியில் முடித்துவிடாமல் நேரில் போங்கள். "டீம் உட்காருகிற ஃப்ளோரை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டு, மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எத்தனை பேர் தலையில் ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணினாலே அங்கே எவ்வளவு இரைச்சல் என்பது தெரிந்துவிடும்.